வானத்தில் ஒரு கீறலும் இல்லை

கற்பிட்டிக் குடாநாட்டில் மூணாந்தரம் நானாவைப் போல மனிதரை எரிச்சல்படுத்தக்கூடிய இன்னொரு சீவனை ஆண்டவன் படைக்கவில்லை. இரத்தம் குடிக்கிற நுளம்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நுளம்பு மாரி காலத்தில்தான் வரும். நானா வருடம் முழுக்க வருவார்.

பெயரைக் கேட்டுவிட்டு வெளியூர்க்காரர் சங்கடப்படுவதுண்டு. "பாவம், ஒரு மனிதரை இப்படியா மட்டமாகக் கூப்பிடுவது?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அது அவருடைய தரத்தைப் பற்றிய பேச்சல்ல. பள்ளிவாசல்துறைக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர் அவர். "ஒருதரம்… ரெண்டுதரம்…" என்று இழுத்து, தென்னையில் இருக்கிற காகமெல்லாம் எழும்பிப் பறக்கிற மாதிரி "மூணாந்தரம்!" என்பார். அது அவர் வாயிலிருந்து விழுந்தால் விழுந்ததுதான். அதற்குப் பிறகு விலையைப் பற்றி எவனும் வாய் திறக்க ஏலாது. அந்தப் பெயருக்கு முந்திய பெயரை அவருடைய மனைவி பரீதா லாத்தாவே மறந்துபோயிருந்தார்.

கரையில் மட்டும் அந்தச் சட்டத்தை வைத்திருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. நானா அதை உலகத்துக்கே போட்டுவைத்திருந்தார். எந்தச் சங்கதியும் மூன்று வாயிலிருந்து வந்தால்தான் அவருக்கு அது உண்மை. நான் அப்போது எங்கள் மீனவர் சங்கத்தில் கடிதம், கணக்கு எழுதுகிற லிகிதர். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு போன், எனக்கென்று ஒரு கதிரை. அந்தக் கதிரையில் நானா இருப்பார். நான் நிற்பேன்.

"மகள், இண்டைக்கு என்ன கிழம?"

"புதன் நானா."

"நீங்க சொல்றீங்க." உடனே யன்னலால் தலையை நீட்டி, ஓட்டோவில் பாட்டுப் போட்டுப் பாண் விற்றுக்கொண்டு போகிறவனை மறிப்பார். அவனும் புதன் என்பான். மூன்றாவது ஆள் கிடைக்காவிட்டால் அன்று முழுக்க அவருக்கு அது சந்தேகத்துக்குரிய புதன்தான்.

இந்த வியாதி எப்படி வந்தது என்று பரீதா லாத்தா ஒருமுறை சொன்னார். தலைப்பிரசவத்துக்கு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். நானா வராந்தாவில் நடந்துகொண்டிருக்க, தாதி வந்து "ஆம்பிளப் பிள்ள" என்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தாதி வந்து "பொம்பிளப் பிள்ள" என்றிருக்கிறார். "நீங்க ரெண்டு பேரும் முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க!" என்று நானா வார்ட் அதிரக் கத்த, மூன்றாவதாக டொக்டர் வந்து, "ரெண்டும் சரிதான். இரட்டப் பிள்ள" என்றாராம். அன்றைக்குப் பிடித்ததுதான். முதல் வாய் பாதி சொல்லும், இரண்டாம் வாய் மற்றப் பாதியைச் சொல்லும், மூன்றாவது வாயில்தான் முழுசும் இருக்கும் என்பது அவருடைய முடிவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்க மீனில் பிழைத்த அந்த மனிதருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. நங்கூரம் போட்டுக் கிடக்கிற வள்ளம் ஆடுவதைக் கரையிலிருந்து பார்த்தாலே தலை சுற்றி, புளிப்புக்குத் தேசிக்காய் கேட்பார். ஏலத்தின்போதுகூட கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்பார்.

இனி, ஊரையே கலக்கிய செய்மதிக் கதைக்கு வருகிறேன்.

அந்த வருடம் கச்சான் காற்று அடங்கவே மாட்டேன் என்று நீண்டு கிடந்தது. வள்ளங்கள் மாதக்கணக்கில் கரையில் கவிழ்ந்து கிடந்தன. கடைகளில் கடன் கேட்கப் பெண்களுக்கு முகமில்லை. ஒருவழியாகக் கடல் படுத்தது. அறுக்குளா மீன் நிறையக் கிடக்கிறது என்று கதை வந்தது. உடப்பிலிருந்து மீன் வியாபாரி முருகேசு அண்ணன் லொறி நிறைய ஐஸ் அடித்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். நாளை வள்ளம் போகும் என்று ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோதுதான், எங்கேயோ ஒரு நாடு செய்மதி ஒன்றை றொக்கெட்டில் வைத்து வானத்துக்கு விட்டது. எந்த நாடு என்று சொல்லமாட்டேன். எனக்கு வெளிநாட்டுக்காரரோடு சண்டை வேண்டாம். பள்ளிவாசல்துறைக்காரரோடு பட்டதே போதும்.

காலைச் செய்தியில் செய்மதி வெற்றிகரமாக ஏவப்பட்டது என்றார்கள். பகல் செய்தியில் றொக்கெட் இடைவழியில் பழுதாகி இந்து சமுத்திரத்தில் விழுந்திருக்கலாம் என்றார்கள். முதலாவதை அந்த நாட்டின் ஓர் அரசாங்கக் கந்தோர் சொன்னது, இரண்டாவதை அதே நாட்டின் இன்னொரு கந்தோர் சொன்னது. இந்து சமுத்திரம் என்றதும் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி எங்கள் கடலைப் பார்த்தார்கள். ஏதோ அந்தச் சமுத்திரத்துக்கு வேறு கரையே இல்லாத மாதிரி.

நானா எழும்பி நின்றார். "ரெண்டுதரம் ஆயிட்டுது. ரெண்டும் ரெண்டு விதம். மூணாவது வராம ஒரு வள்ளமும் இறங்கப்படாது."

அவருக்கு அப்படிச் சொல்ல எந்த அதிகாரமும் இல்லை. ஆனாலும் கரையில் ஒருவனும் அவர் சொல்லைத் தட்டியதில்லை. இவ்வளவு காலத்தில் ஒரு மீனுக்குக்கூட அவர் பொய் விலை கூறியதில்லை, அதுதான் காரணம். வள்ளக்காரர் முணுமுணுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தேன்.

கொழும்பில் இருக்கிற எங்கள் அரசாங்கக் கந்தோர்களில் முதலாவதுக்குப் போன் எடுத்தேன். நானா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"வெற்றி மிஸ். முழு வெற்றி" என்றார் அங்கிருந்தவர்.

"அப்ப எங்கட வள்ளங்கள் போகலாமா சேர்?"

"ஐயோ வேணாம். துண்டு கிண்டு விழும்."

"வெற்றியெண்டா ஏன் சேர் துண்டு விழுது?"

"திருப்பிக் கேளுங்க மகள், திருப்பிக் கேளுங்க!" என்று என் காதுக்குள் நானா. அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது கந்தோரில் ஒரு பெரியவர் எடுத்தார். நல்ல மனிதர். அவசரமே இல்லை.

"அது தோல்வி தங்கச்சி. மேல போகவேயில்ல. கடல்லதான் விழுந்திரிக்கும்."

"அப்ப வள்ளங்கள் போகக்கூடாதா?"

"ஏன்? தாராளமாப் போகலாம். விழுந்தது விழுந்துட்டுதுதானே. இனி விழ என்ன இரிக்கி?"

வெற்றி, ஆகவே போகாதே. தோல்வி, ஆகவே போ. இதைக் கரைக்குப் போய்ச் சொன்னபோது முருகேசு அண்ணன் லொறிப் படியில் இருந்து தலையில் கை வைத்தார்.

"நானா, அவன் மேல விட்டது போச்சுதோ வந்துதோ, என்ட ஐஸ் போகுது. லொறிக்குக் கீழ பாருங்க, ஆறு ஓடுது."

"அண்ணே, ஐஸ் போனா வேற ஐஸ் வாங்கலாம். ஆள் போனா எந்தக் கடையில வாங்குற?"

நானாவோடு கதைத்தால் இதுதான் தொல்லை. நூறு விசர்க் கதைக்கு நடுவில் திடீரென்று ஒன்றைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார். மற்ற நூறுக்கும் அவரை ஏச முடியாமல் போய்விடும்.

பின்னேரம் மூன்றாவது கந்தோர். இது எங்கள் பக்கத்திலேயே, செய்திகளைச் சேர்த்து மேலே அனுப்புகிற ஒரு சின்னக் கந்தோர். இளம் பையன் ஒருவர் எடுத்தார். நான் கேள்வியை முடிக்க முந்தியே, "மற்ற ரெண்டு கந்தோரும் என்ன மிஸ் சொன்னாங்க?" என்றார்.

சொன்னேன்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறன்."

எனக்கு அழுகை வந்தது. நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. போனை என் கையிலிருந்து பறித்தார்.

"தம்பி, எழுதுறதெண்டா இத எழுதுங்க! விடியக் காலத்தால இருந்து நான் இந்தக் கரையில நிக்கிறன். எங்கட கடல்ல ஒண்டும் விழல்ல. வானத்துல ஒரு கீறலும் இல்ல! நீங்கெல்லாம் கதிரையில இருந்து என்ன செய்றீங்க?"

அந்தப் பையன் என்ன சொன்னாரோ தெரியாது. நானா "ஆ, நல்லம், நல்லம்" என்று போனை வைத்துவிட்டு, என் கதிரையில் போய் இருந்தார். அன்று ஒரு வள்ளமும் போகவில்லை. முருகேசு அண்ணன் லொறிக்குக் கீழே பாயைப் போட்டார். நான் வீட்டுக்குப் போய் உம்மாவோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன்.

அடுத்த நாள் காலை வந்து பார்த்தால் கரை வெறிச்சென்று கிடந்தது. ஒரேயொரு வள்ளம் மட்டும் கரையில். மற்றதெல்லாம் கடலில். நானா கந்தோர் வாசலில் பிளேன்டி குடித்துக்கொண்டு, பெருநாள் காலை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூணாந்தரம் வந்துட்டுது மகள்! சுபஹு தொழுதுட்டு வந்து றேடியோவத் திறந்தா, கணீரெண்டு சொல்றான். எல்லாரையும் அனுப்பிட்டன்."

எனக்கும் நிம்மதிதான். உள்ளே போய் மேசையைத் துடைக்கும்போது றேடியோவில் அதே செய்தி திரும்பவும் போனது. செய்மதி தொடர்பில் முரண்பட்ட தகவல்கள் வெளியாகியுள்ள போதிலும், புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் எந்தப் பொருளும் விழவில்லை என உறுதிப்படுத்தப்பட்டுள்ளதாகவும், வானத்தில் எவ்விதக் கீறலும் தென்படவில்லை எனவும்…

அரசாங்கம் 'கீறல்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கொழும்பு, முதல் கந்தோர். தாங்களாகவே எடுத்தது அதுதான் முதல் தடவை. "மிஸ், ஒங்கட பக்கம் ஒருத்தரும் போகல்லதானே? இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள துண்டுகள் கீழ வரலாம் எண்டு புது அறிவித்தல் ஒண்டு வந்திரிக்கி. எங்க எண்டு சரியாச் சொல்லத் தெரியாது."

போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

"நானா, கீறல் எண்ட சொல்ல எந்தக் கந்தோர்ல பாவிக்கிறாங்க?"

"ஏன் மகள், நல்ல சொல்லுதானே…" சிரிப்பு பாதியில் நின்றது. "அது நேத்து நான் சொன்னதுல்ல?"

"ஓம் நானா. அந்தப் பையன் நீங்க சொன்னத எழுதி மேல அனுப்பியிருக்கிறார். அதத்தான் றேடியோவுல வாசிச்சாங்க."

"அப்ப உறுதிப்படுத்தினது ஆரு?"

"நீங்கதான் நானா."

புது அறிவித்தலையும் சொன்னேன். பிளேன்டிக் கோப்பையை மெதுவாக நிலத்தில் வைத்தார். சேர்ட்டின் கையை மடித்துக்கொண்டு நேரே கரைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

கடலில் போனவர்களுக்குப் போன் எடுத்துப் பார்த்தேன். ஒருவருடையதும் வேலை செய்யவில்லை. அவ்வளவு தூரத்துக்கு சிக்னல் போகாது.

"முருகேசு அண்ணே, இந்த வள்ளத்த ஆரும் ஓட்டுவாங்களா?" என்றார் நானா. "அவங்களப் போய்க் கூட்டி வரணும்."

"ஆர் போறது?"

"நான்."

முருகேசு அண்ணன் சிரிக்கப் பார்த்தார். நானாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "ஆடுற ஊஞ்சலப் பாத்தாலே சத்தி எடுக்கிற ஆள் நீர். நான் போறன், நீர் இரும்."

"நீங்க போய்ச் சொன்னா வரமாட்டாங்க. நான் போ எண்டு சொல்லித்தான் போனாங்க. நானே போய் வா எண்டு சொல்லணும்."

முருகேசு அண்ணன் பழைய கடல்காரர்தான். சாரத்தை மடித்துக் கட்டினார். "ஏறும். நீர் தனியாப் போனா கடலுக்குத்தான் ஆபத்து." இருவருமாக வள்ளத்தைத் தள்ளினார்கள். எஞ்சின் பிடித்தது. வள்ளம் முதல் அலையைத் தாண்ட முந்தியே நானா ஒரு பக்கமாகக் குனிந்துவிட்டார்.

பிறகு காத்திருந்தோம். அதைப் போல மோசமான வேலை இல்லை. கதை பரவி வள்ளக்காரரின் பெண்கள் எல்லாரும் கரைக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தியும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரீதா லாத்தா ஒரு பை தேசிக்காயோடு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"இந்த மனுசன் தண்ணிக் கிடங்க எட்டிப் பாக்காது. ஆரு இவர வள்ளத்துல ஏறச் சொன்ன? வரட்டும், வீட்டுக்குள்ள எடுக்கமாட்டன். வாசல்ல கிடக்கட்டும்" என்றார். சொல்லச் சொல்ல, ஒரு தேசிக்காயை விரலால் நசுக்கிச் சாறு முழுக்கத் தன் மடியில் வடித்துக்கொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியவில்லை. மேலே ஏதாவது சத்தம் கேட்டால் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். காகம். மறுபடியும் காகம்.

பின்னேரம் அசர் பாங்கு சொல்லி முடிகிற நேரம் மீன்வாடிக் கூரையில் ஏறி நின்ற ஒருவன் கத்தினான். முதலில் ஒரு புள்ளி, பிறகு வரிசையாகப் புள்ளிகள். வள்ளங்கள் எல்லாம் ஒன்றாக, கலியாண ஊர்வலம் மாதிரி வந்தன. நடுவில் வந்த வள்ளத்தில் நானா துணி காயப்போட்டது மாதிரி விளிம்பில் கிடந்தார்.

கடலில் என்ன நடந்தது என்பதை முருகேசு அண்ணன் சொல்லித்தான் அறிந்தோம். தூரத்தில் வள்ளங்களைக் கண்டதும் நானா எழும்பி நின்று, இரண்டு கையையும் வீசிக் கத்தினாராம். அங்கே இருந்தவர்களுக்குச் சொல் கேட்கவில்லை, ஆளை மட்டும் தெரிந்தது. நானா கடலுக்கு வந்திருக்கிறார் என்றால் நடுக்கடலிலேயே ஏலம் கூறத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, ஒவ்வொருவனும் பெரிய அறுக்குளாவாகப் பார்த்து வாலில் தூக்கிக் காட்டினானாம். நானா சத்தி எடுப்பார், எழும்பிக் கத்துவார். அவர்கள் அதைவிடப் பெரிய மீனாகத் தூக்குவார்கள்.

கிட்டப் போய்த்தான் விளங்கப்படுத்தினார்களாம். "றேடியோவுல வந்தது என்ட கதைதான்டா தம்பிமாரே. நான் சொன்னத நானே நம்பி ஒங்கள அனுப்பிட்டன். வாங்க போவம்" என்றாராம் நானா. பிறகு மூத்த வள்ளக்காரர், "சரி நானா. நீங்க சொல்லித்தான் வந்தம், இப்ப நீங்களே வந்துட்டீங்க. கிடக்கிற வலய இழுத்துட்டு வாறம், அதுவரைக்கும் இரிங்க" என்றிருக்கிறார். கடைசி வலை ஏறும்வரை நானா அந்த ஆட்டத்தில் கிடந்தார். முருகேசு அண்ணன் திரும்பிவிடலாம் என்று கேட்டும் அசையவில்லையாம்.

இரண்டு பேர் பிடித்து அவரை மணலில் இறக்கினார்கள். முகம் பச்சை. பரீதா லாத்தா ஒரு வார்த்தையும் ஏசாமல் தேசிக்காயை அவர் வாயில் பிழிந்தார்.

மீன் குவிந்து கிடந்தது. அவ்வளவு மீனை அந்தக் கரை கண்டு எத்தனையோ காலம். ஆனால் ஏலம் கூற ஆளில்லை. நானா வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. வேறு யாராவது கூறலாம் என்றால் வள்ளக்காரர் சம்மதிக்கவில்லை. நானா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"நானா? எனக்கு ஏலாது!"

அவர் பேசாமல் விரலை உயர்த்தி விலை காட்டினார். வேறு வழியில்லாமல் நான் கத்தினேன். முதல் கூவலுக்கு என் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே சிரிப்பு. அடுத்த குவியலுக்குக் கொஞ்சம் நன்றாக வந்தது. அவர் மணலில் சாய்ந்தபடியே விரலால் கூற, நான் வாயால் கூற, மீன் எல்லாம் லொறிக்கு ஏறியது. மிச்சமிருந்த ஐஸ் எப்படியோ போதுமாக இருந்தது. விலை ஒன்று குறைவாகப் போகிறது என்று அவருக்குப் பட்டபோது என் காலில் சிப்பியால் எறிந்தார்.

எங்கள் கடலில் அன்றைக்கும் ஒன்றும் விழவில்லை. பிறகும் விழவில்லை. சில நாள் கழித்து அந்த நாடு கடைசி அறிக்கை என்று ஒன்றை விட்டது. ஏவல் வெற்றி, ஆனால் செய்மதியோடு தொடர்பு கிடைக்கவில்லையாம். சத்தம் பாதி திரும்பியிருந்த நானா அதைக் கேட்டுவிட்டு, "நிகாஹ் நல்லா முடிஞ்சுது, மாப்பிள்ளயத்தான் காணல்ல எண்டு சொல்றாங்க" என்றார். மேலே அது சுற்றுகிறதா, கடலுக்கடியில் கிடக்கிறதா என்று இன்றுவரை ஒருவராலும் எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது நான் புத்தளம் நகரத்தில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். எனக்கென்று போட்ட கதிரையில் நானே இருக்கிறேன். போனில் கதைக்கும்போது என் காதுக்குள் யாரும் கத்துவதில்லை. வேலை எல்லாம் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. லீவு கிடைக்கிறபோது கற்பிட்டி பஸ்ஸில் ஏறி பள்ளிவாசல்துறையில் இறங்கி, அந்த மனிதருக்கு முன்னால் இருந்து, ஆசை தீர எரிச்சல்பட்டுவிட்டு வருகிறேன்.